கோடிக்கரைக் காடும் வெளியும்

மரம் அடர்ந்த நிலத்தைக் காடு என்றும், மரமற்ற நிலத்தை வெறுந்தரை என்றும் வகுத்துக் காண்பது உலக வழக்கு. காட்டைக் காண விழைந்து செல்வோரும் நிழலையும் பசுமையையுமே தேடிச் செல்வர். மரம் பெருகின் காடு வளர்ந்தது என மகிழ்வர். குறையின் காடு அழிந்தது என வருந்துவர். இக்கருத்து எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. மரம் பெருகுவதாலேயே ஒரு கானகம் தன் இயல்பை இழத்தலும் உண்டு. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டி நிற்பது, தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் வேதாரணியம் என்னும் பட்டினத்துக்குத் தெற்கே அமைந்த கோடிக்கரைக் கானகம்.

அமைவிடமும் பெயரும்

சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நேராக வந்து, நாகபட்டின மாவட்டத்தின் தென்கோடியில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் முனையே கோடிக்கரை. கோடி என்பது முனை, எல்லை எனப் பொருள்படும். மேனாட்டார் இதனைக் கலிமேர் முனை என்று வழங்கினர். அப்பெயர் கள்ளிமேடு என்னும் தமிழ்ப் பெயரின் திரிபு என்பர். கீழ்ப்புறம் வங்காள விரிகுடாவும் தென்புறம் பாக்குநீரிணையும் சூழ, மேற்கே பரந்த சதுப்பும் உப்பளங்களும் கிடக்க, இடையே மணல்மேட்டின்மேல் இக்காடு நிற்கிறது.

வேதாரணியம் என்னும் வடசொற்பெயரும் மறைக்காடு என்னும் தமிழ்ப்பெயரும் காடு என்னும் பொருளைத் தம்முள் அடக்கியுள்ளன. வேதங்கள் வழிபட்டு அடைத்த கதவைத் திறக்க அப்பரும், மீண்டும் அடைக்கச் சம்பந்தரும் பாடிய வரலாறு சைவ உலகம் நன்கறிந்தது. கோடிக்கரையை அடுத்த கோடிக்குழகர் கோயிலுக்குச் சேரமான் பெருமாளுடன் சென்ற சுந்தரர், காடும் கடலும் சூழ்ந்த தனிமையில் இறைவன் துணையின்றி இருப்பது கண்டு உருகிப் பாடினார். ஆகவே இவ்விடம் அக்காலத்திலேயே ஊர்ப்பெருக்கமற்ற கானகமாக இருந்தது என்பது தேவாரத்தாலேயே பெறப்படும்.

ஈழத்தவர்க்கு இக்கரை அயலானதன்று. காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை முனை 60 கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்திலேயே உள்ளது. வல்வெட்டித்துறை முதலாய வடகரைத் துறைகளிலிருந்து வள்ளங்கள் இக்கரைக்கு ஓடிய காலம் நெடியது. வேதாரணியக் கோயிலின் நிருவாகத்தில் யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தார் கொண்ட தொடர்பும் யாவரும் அறிந்ததே. 1950ஆம் ஆண்டு தொடங்கிக் கல்கி தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' என்னும் நவீனத்தில், பூங்குழலி ஓடம் செலுத்தி ஈழத்துக்குப் புறப்படுவதும் இக்கரையிலிருந்தே. அக்கதையில் வரும் புதைசேறும் அடர்காடும் கற்பனை மட்டும் அன்று. அவை இந்நிலத்தின் இயல்பைத் தழுவியவை.

மணலில் வளர்ந்த காடு

கோடிக்கரைக் காட்டில் மலை இல்லை, ஆறு இல்லை, கல்லும் இல்லை. காட்டினுள்ளே இராமர்பாதம் எனப்படும் மேடே மிக உயர்ந்த இடமாகும். அதுவும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீற்றர் உயரமே உடையது. இராமபிரான் இம்மேட்டில் நின்று இலங்கையை நோக்கினார் என்பது அவ்வூரார் வழங்கும் ஐதிகம். இத்துணைத் தாழ்ந்த மணல்நிலத்தில், உவர்நீர் மூன்று புறமும் சூழ்ந்திருக்க, மரங்கள் எவ்வாறு தழைக்கின்றன என்னும் வினா எழுதல் இயல்பு.

இதற்கு விடை மணலிலேயே உள்ளது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று இக்கரைக்கு மழையின் பெரும்பகுதியைத் தருகிறது. மணல் அம்மழைநீரை விரைந்து உட்கொள்ளும். நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின், நிலத்தடியே உள்ள உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் சுண்ணக்கற் பாறையினிடையே நன்னீர் நிற்பதும் இம்முறையாலேயாம். அங்கே சுண்ணக்கல் செய்யும் தொழிலை இங்கே மணல்மேடு செய்கிறது. அந்நீரைப் பருகியே மரங்கள் நெடிய வேனிலைக் கடக்கின்றன. மணல்மேட்டை அகழ்ந்து எடுப்பின் நீரும் போம்; நீர் போயின் காடும் போம்.

இங்குள்ள காட்டைத் தாவரநூலார் பசுமை மாறா உலர்காடு என்பர். இவ்வகைக் காடு சோழமண்டலக் கரையோரத்திலும் ஈழத்தின் உலர்வலயத்திலும் காணப்படுவது. மரங்கள் வானளாவ உயர்வன அல்ல; தடித்த சிறு இலைகளையும், காற்றுக்கு வளைந்த கிளைகளையும் உடையன. தடித்த இலை நீர் ஆவியாவதைக் குறைக்கும். ஆதலின் வேனிலிலும் அவை இலையுதிர்த்து வெறுமையாய் நிற்பதில்லை. பாலையும் வீரையும் நாவலும் காயாவும் கொன்றையும் இக்காட்டின் மரங்கள். வன்னிக் காட்டில் பாலைப்பழம் பொறுக்கி உண்டவர்க்கு இம்மரங்களின் பெயர்களை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கடல் இடையிட்டுப் பிரித்த இருகரையிலும் ஒரே குடும்பத்துக் காடு நிற்கிறது எனலாம்.

காட்டின் விளிம்பில் மரங்கள் குறைந்து பற்றைகள் தோன்றும். பற்றைகளுக்கு அப்பால் புல்வெளி விரியும். அதற்கும் அப்பால் உவர்ச் சேறும் கண்டலும் களப்பும் கடலும் தொடரும். பழந்தமிழ்ப் புலவர் முல்லை என்றும் நெய்தல் என்றும் வகுத்த இருவகை நிலமும் இங்கே அருகருகே கிடக்கின்றன. சிறிது தூரம் நடந்தவன் இரு திணைகளைக் கண்டவனாவான்.

வெளியும் வெளிமானும்

இப்புல்வெளிக்கு உரிய விலங்கு வெளிமான். பழைய நூல்கள் இரலை என்று கூறுவது இதனையே என்பர் அறிஞர். இந்தியத் துணைக்கண்டத்துக்கே சிறப்பாக உரிய இம்மான் ஈழத்தில் இல்லை. ஆண்மான் முதுகு கருமையும் வயிறு வெண்மையுமாய், முறுக்கிய நீண்ட கொம்புகளுடன் தோன்றும், பெண்மான் மங்கிய மஞ்சட்பழுப்பு நிறத்தது, பெரும்பாலும் கொம்பற்றது.

புள்ளிமான் பகையைக் கண்டதும் மரச்செறிவினுள் மறைய முயலும். வெளிமானின் இயல்பு வேறு. தொலைவில் வரும் பகையைக் கண்ணாற் கண்டு, தடையற்ற நிலத்தில் விரைந்தோடித் தப்புவதே அதன் வாழ்க்கை முறை. கண் செல்லும் தூரமும் கால் செல்லும் தூரமுமே அதற்கு அரண். மரமும் முள்ளும் அடர்ந்த இடத்தில் அவ்விரண்டும் பயனிழக்கும். வெளியில் வாழ்வதாற் பெற்ற வெளிமான் என்னும் பெயரே இதனை உணர்த்துகிறது. ஆகவே இம்மானுக்கு வெளி என்பது காடு இல்லாத குறை அன்று. அதுவே அதன் காடு.

இந்நிலத்தின் சிறப்பைப் பறவைநூல் அறிஞர் சலீம் அலி 1962ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1967ஆம் ஆண்டில் 17.26 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் கோடிக்கரையும் அதனைச் சூழ்ந்த பெருஞ்சதுப்பும் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக இராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. மாரிகாலத்தில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வடநாடுகளிலிருந்து வந்து இச்சதுப்பில் இரை தேடுகின்றன. அவற்றுட் பூநாரைகள் தம் நெடுங்கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்து, சிற்றுயிர்களை வடித்து உண்ணும் காட்சி காண்போர் நெஞ்சைக் கவர்வது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்து வந்துள்ளனர்.

பசுமை வடிவில் வந்த பகை

இத்தகைய நிலத்துக்குப் பகையாக வருவன எவை? கடலும் புயலும் முதலில் நினைவுக்கு வரும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, சோழர் காலத்தது எனக் கூறப்பட்ட கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதியை அழித்தது. 2018ஆம் ஆண்டு நவெம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கசாப் புயல் இக்கரையிலேயே நிலத்தைத் தாக்கியது. முதுமரங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன, மான்கள் மடிந்தன. ஆயினும் இக்கரைக்குப் புயல் புதிதன்று. சாய்ந்த மரத்தின் அடியிலிருந்து புதுத்தளிர் எழும்; விழுந்த விதை முளைக்கும். புயலின் பின் காடு மீள்வதற்குக் காலமும் காவலும் போதும்.

மற்றொரு பகை ஓசையின்றி வந்தது. அதுவும் பசுமை வடிவில் வந்தது. சீமைக்கருவேல் எனப்படும் மரம் அமெரிக்காக் கண்டத்தின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் தாயகமாகக் கொண்டது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற் புகுத்தப்பட்டது. அதன் ஆணிவேர் மிக ஆழமாகச் செல்லும்; உவரையும் வறட்சியையும் அது பொறுக்கும்; வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாய் மீண்டும் எழும். அது புல்வெளியிற் புகுந்தவிடத்து முட்செறிவாய்ப் படர்ந்து நிழலிட்டுப் புல்லை அழிக்கும்.

இங்கே இயற்கையின் ஒரு முரண் புலப்படுகிறது. சீமைக்கருவேலின் நெற்று இனிப்புச் சுவை உடையது. வேனிலில் புல் உலர்ந்து இரை அருகும்போது வெளிமான் அந்நெற்றை விரும்பி உண்ணும். விதையோ கடினமான உறையுள் அடங்கியது. வயிற்றிற் செரியாது எருவுடன் வெளிப்படும். எருவின் ஊட்டத்தால் நன்கு முளைக்கும். ஆண்மான்கள் தத்தம் எல்லையை வகுத்து, குறித்த இடங்களிலேயே திரும்பத் திரும்ப எருவிடும் வழக்கமுடையன. அவ்வெல்லைகள் அமைவன மரமற்ற திறந்த வெளியின் நடுவே. ஆகவே எவ்விடம் வெளியாக இருத்தல் தன் இனத்துக்கு இன்றியமையாததோ, அவ்விடத்திலேயே மான் தன் பகையை விதைக்கிறது. பசி தணிக்க உண்ட உணவே நாளை மேய்ச்சலைப் பறிக்கும் மரமாகிறது.

இக்கானகத்திலே நெடுங்காலமாக உரிமையாளரின்றித் திரியும் மட்டக்குதிரைகளும், அயலூர்க் கால்நடைகளும் அந்நெற்றை உண்டு விதையைப் பரப்புகின்றன. அவை மானோடு ஒரே புல்லையும் பகிர்கின்றன. வெளி சுருங்கச் சுருங்க எஞ்சிய புல்லின்மேல் எல்லா வாயும் படிகின்றன. புல் மெலிந்தவிடத்தில் முள்மரம் மேலும் எளிதாக வேரூன்றுகிறது.

தொலைவிலிருந்து காண்பவன் முன்பு மஞ்சளாய்க் கிடந்த நிலம் பசுமையானது என மகிழ்வான். அருகிற் சென்று அறிந்தவனே அங்கே புல் இல்லை, மான் இல்லை என்பதை உணர்வான். இதனாலேயே இப்பகை ஏனைய பகைகளினும் கொடியது. வெட்டப்பட்ட மரத்துக்கு இரங்குவோர் பலர். மரத்தால் மூடப்பட்ட வெளிக்கு இரங்குவோர் சிலர்.

சீமைக்கருவேலை அகற்றுதல் எளிய செயலன்று. வெட்டுவது போதாது, வேருடன் அகழ வேண்டும். மண்ணிற் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்குமாதலின், அகழ்ந்த இடத்தை ஆண்டுதோறும் நாடிச் சென்று நாற்றுகளைக் களைய வேண்டும். விறகாலும் கரியாலும் வாழும் ஏழை மக்களின் தொழிலையும் கருதவேண்டும். அகற்றும் பணியிலேயே அவர்க்கு வேலை அளித்தல் ஒரு நல்வழியாகும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல்நிலத் தாவரங்களை அகற்றி நிலத்தின் பழைய இயல்பை மீட்பதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. மரத்தை அகற்றுவதும் காட்டைக் காப்பதன் ஒரு பகுதியே என்னும் தெளிவு அரசியலிலும் இடம்பெற்றமைக்கு இது சான்று.

காணச் செல்வோர் அறியவேண்டுவன

வேதாரணியத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தெற்கே கோடிக்கரை உள்ளது. வழி அகத்தியம்பள்ளியையும் கோடியக்காட்டையும் கடந்து செல்கிறது. இராசகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து, 1930ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆம் நாள் உப்புச் சட்டத்தை மீறியது வேதாரணியக் கரையிலேயே. அந்நிகழ்ச்சியை எண்ணுவோர்க்கு வழியிற் காணும் உப்பளங்களும் வரலாறு பேசும்.

சரணாலயத்தினுள் வனத்துறையினரின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். காலத்தைத் தெரிந்து செல்வது முதற்கடன். பறவைகளைக் காண விழைவோர் நவெம்பர் முதல் பெப்புருவரி வரையும், வெளிமானைக் காண விழைவோர் அதற்குப் பின்வரும் உலர்ந்த மாதங்களிலும் செல்லுதல் நன்று. வைகறையும் மாலையுமே ஏற்ற பொழுதுகள். நண்பகலில் விலங்குகள் ஒதுங்கிவிடும்.

காட்டுப் பாதையில் நடப்போர் மரநிழலிலேயே நின்றுவிடாது வெளியின் விளிம்பு வரை செல்லவேண்டும். விளிம்பில் நின்று வெளியை நோக்குவதே தக்கது. வெளியினுள் இறங்கி மந்தையைத் துரத்துதல் தகாது. ஒருமுறை அஞ்சியோடிய மான் மேய்ச்சலை இழக்கிறது. கன்று தாயைப் பிரிகிறது. வகுத்த தடத்தை விட்டு விலகுவோர் மணலைப் பிணித்து நிற்கும் கொடிகளையும் புல்லையும் மிதித்தழிப்பர். சதுப்பில் வழியறிந்தவர் துணையின்றி இறங்குதல் உயிருக்கே ஊறாகலாம்.

ஆசிரியர் மாணவரை அழைத்துச் செல்லின், ஒரு பாலைமரத்தின் இலையையும் ஒரு சீமைக்கருவேலின் இலையையும் ஒப்புநோக்கச் செய்யலாம். இரு மரங்களின் அடியிலும் எத்தனை வகைப் புற்பூண்டுகள் உள்ளன என எண்ணச் செய்யலாம். நூலிற் பல பக்கங்கள் உணர்த்துவதை அவ்வெண்ணிக்கை சிறிது நேரத்தில் உணர்த்திவிடும்.

ஈழக்கரைக்குரிய பாடம்

கோடிக்கரையின் செய்தி கோடிக்கரையோடு நிற்பதன்று. ஈழத்தின் தென்கரையில் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் 1950களில் இதே மரம் உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் புகுத்தப்பட்டது. பின்னர்ப் புந்தலத் தேசிய வனத்தினுட் பரவி, அங்குள்ள நிலத்துக்கு இடராயிற்று. நல்ல நோக்கத்துடன் நடப்பட்ட மரமே இடர் விளைத்தது என்பது கருதற்பாலது.

யாழ்ப்பாணத்தவர் திறந்த புல்வெளியைத் தரவை என அழகிய பெயரால் வழங்குவர். நெடுந்தீவின் தரவையில் மேனாட்டார் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் மேய்ந்து திரிவது எவரும் அறிந்தது. வல்லைவெளி போன்ற உவர்த்தரவைகளில் மாரிகாலத்து நீர்ப்பறவைகள் கூடி இரை தேடுவதை வழிச்செல்வோர் காணலாம். பறவை தரையில் நின்று இரை தேடவும், பகை வருமுன் கண்டு எழவும் அத்தகைய திறந்த நிலமே வேண்டும். எனினும் இவ்வெளிகளைப் பயனற்ற தரிசு எனக் கருதுவோரே பலர். கல்லூரிகளும் சங்கங்களும் மரநடுகை விழாக்கள் எடுக்கும் காலம் இது. வீதியோரத்திலும், வளவிலும், அழிந்த காட்டின் இடத்திலும் மரம் நடுதல் பேரறமே. ஆயின் நடுமுன் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும்: இந்நிலம் முன்பு காடாக இருந்ததா, வெளியாக இருந்ததா? நடப்படும் மரம் இம்மண்ணுக்கு உரியதா? அது வளர்ந்தபின் இடமிழக்கும் உயிர் எது? இம்மூன்றுக்கும் விடை காணாது நடுதல் அறமாக முடியாமலும் போகலாம்.

மணலும் நீரும், மரமும் புல்லும், சேறும் கடலும் தத்தம் எல்லையில் நின்று ஒன்றையொன்று தாங்குவதே கோடிக்கரைக் கானகத்தின் வாழ்வு. அவற்றுள் ஒன்று மிகினும் மற்றையவை மெலியும். காட்டின் வளத்தை மரத்தின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர் வெளிமானை இழந்தபின்னரே பிழையை உணர்வர். மரத்துக்கு உரிய இடத்தை மரத்துக்கும், வெளிக்கு உரிய இடத்தை வெளிக்கும் விட்டுக் காப்பதே காட்டைக் காத்தலாகும். இதனை அறிந்து கோடிக்கரைக்குச் செல்பவன் அங்கே நிழலைத் தேடி நிற்பதோடு அமையான். நிழலற்ற புல்வெளியையும் மதித்து நோக்குவான்.